பழைய வள்ளப் பலகையில் செய்த சுவர் அலங்காரத்தில் வார்னிஷ் உரிகிறது

கேள்வி: நாகப்பட்டினத்தில் கரையேற்றிக் கிடந்த ஒரு வள்ளத்தை உடைத்தபோது, உரிமையாளரிடம் விலை பேசி நான்கு பலகைகளை வாங்கி வந்தேன். நீலமும் மஞ்சளுமாக வெளிறியிருந்த பழைய பெயின்டை அப்படியே விட்டு, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, கரையில் பொறுக்கிய சிப்பிகளை ஒட்டி, வார்னிஷ் பூசி, வரவேற்பறையில் மாட்டினேன். கோடை முழுவதும் குறையொன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் வார்னிஷுக்கு அடியில் வெண்மை படர்ந்து, ஓரங்கள் உரியத் தொடங்கிவிட்டன. ஆணி இருந்த இடங்களைச் சுற்றிக் கருங்கறை வேறு. மரம் சரியாகக் காயவில்லையா, அல்லது வார்னிஷ் தரமற்றதா? அடுத்து, அறுந்த வலையையும், ராமேசுவரத்திலிருந்து நண்பர் கொண்டுவருவதாகச் சொல்லும் பவளப்பாறைத் துண்டுகளையும் வைத்து ஒரு விளக்குக்கூடு செய்ய எண்ணியிருக்கிறேன்.

பதில் 1: வார்னிஷின்மேல் பழி போட வேண்டாம், மரத்துக்குள் இருக்கும் உப்புதான் காரணம். வெயில் நீரை மட்டுமே வெளியேற்றும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும், கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே கசியும் என்பதால், மழைக்காலத்தில் எந்தப் பூச்சும் அதன்மேல் நிற்காது. பலகையை நல்ல தண்ணீரில் மூழ்கும்படி கல் வைத்து ஊறப்போட்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பான் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால், ஊறிய நீரில் அது காட்டும் எண் குழாய்நீரில் காட்டும் எண்ணை நெருங்கும்வரை தொடரலாம். என் அனுபவத்தில் தடித்த பலகைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பிறகு நிழலில், காற்றோட்டமாக, மெதுவாகக் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும். கருங்கறை, ஆணியின் இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்ததால் வந்தது. முனை முறிந்த ஆணிகள் உள்ளே இருந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள். கட்டுமரக் கட்டைகளில் இந்தத் தொல்லை இல்லை, அவை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டப்பட்டவை.

பதில் 2: பவளத்தை வேண்டாம் என்று நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பாறை அமைக்கும் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்பதால் அது சட்டத்துக்கு வெளியே போய்விடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பவளம் வெட்டப்பட்ட கதை நீளமானது. பெரிய சங்கினங்கள் சிலவும் அட்டவணைகளில் உண்டு, ஆகவே இனம் தெரியாத சங்கைக் கடையில் வாங்குவதும் நல்லதல்ல. பவளத்தின் கிளைத்த தோற்றம் வேண்டுமென்றால், நைந்த கயிற்றின் புரிகளைப் பிரித்து, பசையில் தோய்த்து, விரித்துக் காயவையுங்கள். கடல் விசிறியைப் போலவே நிற்கும். காய்ந்து மணலில் உருண்டோடும் இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லின் பந்துகளும் அழகுதான், ஆனால் மணலைப் பிடித்து நிற்கும் கொடியையும் புல்லையும் பிடுங்க வேண்டாம்.

பதில் 3: பழைய பெயின்டைப் பற்றி ஒன்று. வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய படகுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்றே கருத வேண்டும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றி எடுங்கள். வலையின் அடிக்கயிற்றில் ஈயக் குண்டுகள் கோத்திருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், குழந்தைகள் வாயில் வைப்பார்கள். வலை நைலானா என்று அறிய ஒரு துண்டை நீரில் அமிழ்த்திக் காற்றுக்குமிழிகளை நீக்கிவிட்டுப் பாருங்கள்: நைலான் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். இரண்டுமே சூட்டில் உருகுபவை என்பதால், விளக்குக்கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது.

கேட்டவர்: நண்பரிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் ஊறினால் அந்த நீலம் போய்விடுமோ என்பதுதான் இப்போதைய கவலை.

பதில் 1: பிடிப்பு விட்டுப்போன பெயின்ட் உதிரும், பற்றியிருப்பது நிற்கும். எப்படியும் உதிரக் கூடியது, சுவரில் இருக்கும்போது உதிர்வதைவிடத் தொட்டியில் உதிர்வது மேல்.