மறுமொழி: ஓங்கில் பார்க்கும் படகுகளுக்கு "அணுகு தூரம்" சரிதானா?

வணக்கம் நண்பர்களே,

ஓங்கில் (டால்பின்) பார்க்கக் கூட்டிப்போகும் படகுகள் அவற்றிடமிருந்து விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளிக்கு, பயணிகளுக்கான துண்டறிக்கையில் என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> "அணுகு தூரம் என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்."

புரியும், ஐயா. என்னவென்று புரியும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். இங்கே மொரிசியசில் ஓங்கில்களுக்கு 50 மீட்டருக்குள்ளும் திமிங்கிலங்களுக்கு 100 மீட்டருக்குள்ளும் படகு போகக்கூடாது என்பது விதி. "அணுகு தூரம் 50 மீட்டர்" என்று துண்டறிக்கையில் படித்துவிட்டு வரும் சென்னைக்காரர், அதுவரை கூட்டிப்போவது படகோட்டியின் கடமை என்றே நினைப்பார்.

தமரின் விரிகுடாவில் காலையில் நடப்பதை வைத்து யோசியுங்கள். அங்கே வரும் சுழலி ஓங்கில்கள் (ஸ்பின்னர் டால்பின்) இரவெல்லாம் ஆழ்கடலில் சிறு மீனும் கணவாயும் வேட்டையாடிவிட்டு, விடிந்ததும் ஓய்வுக்காகக் கரையோரம் வருபவை. ஓங்கிலின் தூக்கம் நம் தூக்கம் போன்றதல்ல. மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். கூட்டம் நெருக்கமாகச் சேர்ந்து மெதுவாக நீந்தும், மூச்சுக்கு மட்டும் மேலே வரும். படகுகள் வந்து சேர்வதும் அதே நேரத்தில்தான். ஒன்று கூட்டத்துக்கு முன்னால் போய் வழிமறித்து ஆட்களைத் தண்ணீரில் இறக்குகிறது. கூட்டம் மூழ்கிக் கொஞ்சம் தள்ளி எழுகிறது. உடனே படகு அவர்களை ஏற்றிக்கொண்டு மறுபடி முன்னால் பாய்கிறது. இப்படியே தொடர்ந்தால் அவை எப்போது தூங்கும்?

ஆகவே அந்த 50 மீட்டர் படகுக்குக் கொடுத்த சலுகை அல்ல, படகு கட்டிக்காக்க வேண்டிய இடைவெளி. சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

"விலகல் தூரம்" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். கருத்து சரி. ஆனால் ஒளிவிலகல் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு விலகல் என்றதும் கதிர் வளைவதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது: ஒதுங்குதூரம்.

ஒதுக்குவது என்ற பொருள் வந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். வராது. ஒதுக்கு பிறவினை, ஒதுங்கு தன்வினை. ஓங்கிலை யாரும் ஒதுக்கவில்லை, படகு தானே ஒதுங்குகிறது. பொறுப்பு யாருடையது என்பதை வினையே காட்டிவிடுகிறது. ஓங்கில்களே படகை நோக்கி வந்தாலும் சொல் பொருந்தும்: வேகத்தைக் குறைத்து, திசை மாற்றாமல், அவை போக வழிவிடுவதும் ஒதுங்குவதுதான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். முந்தைய மடல்களில் "அணுகுத்தூரம்" என்று எழுதியிருந்தது. இது வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது. ஒதுங்குதூரத்துக்கும் அதே விதிதான். "தொலைவு" வேண்டுமென்பவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் 50 மீட்டரை யாரும் பேச்சில் தொலைவு என்பதில்லை.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பக்கத்துத் தீவான ரெயூனியனில் திமிங்கிலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் வந்ததுமே படகு வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த வெளிவட்டத்துக்கு "மெதுவெல்லை" என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் எனக்கே அது முழுத் திருப்தி தரவில்லை. கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வரத் தொடங்குவதற்குள் துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். நல்ல சொல் இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள்.