பழைய சாமான வச்சே பாப்பா ரூம ரெடி பண்ண முடியுமா? ஐடியா சொல்லுங்க ப்ளீஸ்

குட்டிம்மாவோட அம்மா
ஹாய், பொண்ணுக்கு 3 வயசு முடிஞ்சுது. இவ்ளோ நாள் தட்டுமுட்டு சாமான் போட்டு வச்சிருந்த சின்ன ரூம (8க்கு 9 அடி தான் இருக்கும்) காலி பண்ணி அவளுக்கு குடுக்கலாம்னு இருக்கோம். வாடகை வீடு, ஓனர் சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். கடையில குழந்தைங்க ரூமுக்குன்னு விக்கிற செட்ட போய் பாத்தோம், விலைய கேட்டுட்டு பேசாம ஜூஸ் குடிச்சுட்டு வந்துட்டோம். பட்ஜெட் 3000 தான். ஆனா ஊர்ல மாமியார் வீட்டு பரண்ல நிறைய கிடக்கு, எங்க வீட்டுக்காரர் சின்னப்பையனா இருந்தப்ப படுத்த பச்சை பெயிண்ட் அடிச்ச மரக்கட்டில் (பெயிண்ட் செதில் செதிலா உரியுது), ஒரு ட்ரங்க் பெட்டி, பெயிண்ட் அடிக்காத மரத்துல 3 படி கொலுப்படி, ஆள் உயர புக் ரேக் ஒண்ணு, அப்புறம் மூட்டையா காட்டன் சேலை. அடுத்த வாரம் ஊருக்கு போறோம், இதுல எத எடுத்துட்டு வரலாம் எத விடலாம்?

சுங்குடி பிரியை
அய்யோ கொலுப்படியா, முதல்ல அத வண்டியில ஏத்துங்க!! புள்ளைக்கு எட்டுற உயரம், புக்க அட்டை தெரியற மாதிரி சாய்ச்சு வச்சா அவளே எடுப்பா அவளே வைப்பா (வைப்பான்னு நம்புவோம்). சேலைய ஜன்னலுக்கு ஸ்கிரீனா போடுங்க, ஆணி வேணாம், ஸ்பிரிங் ராடுன்னு கேட்டா கடையில குடுப்பாங்க, ரெண்டு பக்கமும் முட்டுக்குடுத்து நிக்கும். என்கிட்ட அம்மாவோட சுங்குடி ஒண்ணு, முந்தானை கிழிஞ்சு போச்சு, மிச்சத்த ரெண்டா வெட்டி ஓரம் அடிச்சு மாட்டினேன், காலைல வெயில் அந்த புள்ளி வழியா விழும்போது ரூமே வேற மாதிரி இருக்கும். மீதி சேலை எல்லாம் நாலஞ்சு மடிப்பா போட்டு தைச்சு கீழ விரிச்சுக்கலாம், துவைச்சு துவைச்சு நைஞ்ச காட்டன் மாதிரி புள்ளைங்க உடம்புக்கு எதுவும் வராது. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி கிடைச்சா ஜன்னல் வெட்டி வீடு பண்ணிக் குடுங்க, என் பையன் ரெண்டு மாசம் அதுக்குள்ள தான் சாப்பாடே. மழைக்காலம் வந்தா தூக்கிப் போட்டுருங்க, கரப்பான் குடும்பம் நடத்தும்.

பெயிண்டர் மகன்
மேடம் சேலை ஐடியா எல்லாம் சூப்பர், ஆனா அந்த பச்சை கட்டில கொண்டு வராதீங்க. அப்பா 30 வருஷம் பெயிண்டர், அவர் கூட நானும் போயிருக்கேன். அந்தக்காலத்து எனாமல்ல பச்சை, மஞ்சள், ஆரஞ்சு இதுலலாம் ஈயம் கலந்த நிறமி தாராளமா போவும். நம்ம ஊர்ல பெயிண்ட்ல 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல ஈயம் கூடாதுன்னு ரூல் போட்டதே 2016ல தான், 2017 நவம்பர்ல இருந்து தான் அமலுக்கு வந்துச்சு. உரியற செதில் இனிப்பா இருக்கும், புள்ளைங்க வாயில போட்டுக்கும். நல்லா தான இருக்குன்னு உப்புத்தாள் போட்டு தேய்ச்சுராதீங்க, அதுதான் இருக்கறதுலயே மோசம், தூசி வீடு பூரா பறக்கும். மேல புது பெயிண்ட் அடிச்சாலும் கீழ உள்ளது உரியும்போது இதுவும் சேந்து வரும்.
அப்புறம் அந்த ஆள் உயர ரேக். சுவத்துல இறுக்க முடியாதுன்னா நிக்க வச்சு வைக்காதீங்க, 3 வயசுப் புள்ள அத ஏணின்னு தான் நினைக்கும். பெயிண்ட் அடிக்காததா இருந்தா படுக்க வச்சுருங்க, பொம்மை அடுக்க தட்டு தட்டா ஆயிரும். ட்ரங்க் பெட்டி மூடிய கீல கழட்டி எடுத்துட்டு யூஸ் பண்ணுங்க. கண்ணாமூச்சி ஆடும்போது உள்ள போய் உக்காந்துக்கும், கொக்கி விழுந்தா அவ்ளோதான்.

பழைய ஆளு
தம்பி இது கொஞ்சம் ஓவரா தெரியல? நாங்க அஞ்சு பேரும் அந்த மாதிரி கட்டில்ல தான் வளந்தோம், கம்பிய கடிச்ச பல்லு தடம் கூட இருக்கும். ஈயச்சொம்புல தான் இன்னிக்கும் எங்க வீட்ல ரசம். ஒண்ணும் ஆகல. ஊட்டுக்காரர் படுத்த கட்டில்ல மகளும் படுக்கணும்னு அந்த பாட்டிக்கு ஆசை இருக்காதா?

பெயிண்டர் மகன்
ஐயா ஈயச்சொம்பு வெள்ளீயம், நான் சொல்றது காரீயம், ரெண்டும் வேற. காரீயம் உடம்புல சேந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, வயித்து வலி கூட வராம இருக்கலாம், ஆனா சின்ன புள்ளைங்க மூளை வளர்ச்சிய பாதிக்கும். இவ்ளோ அளவு வரைக்கும் பரவால்லன்னு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதனால ஆகலன்னு நமக்கு தெரியாது, அவ்ளோதான் சொல்ல முடியும். பாட்டி ஆசைக்கு வேணா கட்டில்ல ஒரு போட்டோ எடுத்து ரூம்ல மாட்டுங்க.

சுங்குடி பிரியை
இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், பழைய காலண்டர் தாள திருப்பி ஒட்டி கீழ மூணு அடிக்கு கிறுக்குற சுவரு பண்ணலாம். ஓனருக்காக பேப்பர் டேப் தான் போடணும். மைதா பசை காய்ச்சி ஒட்டாதீங்க, பூச்சி வரும், பூச்சி வராம இருக்க பைண்டிங் காரங்க மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், புள்ள ரூம்ல வேணவே வேணாம். செகண்ட் ஹேண்ட் மெத்தை யாராச்சும் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, மூட்டைப்பூச்சிய விரட்ட ஒரு வருஷம் ஆச்சு எனக்கு. வீட்ல பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தா பஞ்ச பிரிச்சு வெயில்ல காயப்போட்டு புது உறை தைச்சு தரையில போடுங்க, கட்டிலே வேணாம், உருண்டாலும் பயமில்ல.

குட்டிம்மாவோட அம்மா
எல்லாருக்கும் தேங்க்ஸ், ஊருக்கு போயிட்டு வந்துட்டேன். ரேக்கும் பெயிண்ட் அடிச்சது தான், அதனால அதுவும் கட்டிலும் அங்கயே. மாமியார் முகம் கொஞ்சம் சுருங்குச்சு, கட்டில் கால்ல இவர் பேர கீறி வச்சிருக்கார், அத தடவிட்டே நின்னாங்க. போட்டோ எடுத்தாச்சு. பெட்டி மூடிய கழட்டி கொண்டு வந்து பொம்மை போட்டாச்சு, ஸ்பிரிங் ராடு, உறை தைக்க கூலி, பேப்பர் டேப் எல்லாம் சேத்து 1400 கூட தாண்டல. கொலுப்படியும் குடுத்தாங்க, ஆனா நவராத்திரிக்கு முன்னாடி திருப்பி கொண்டு வந்துரணுமாம், கண்டிஷன். அந்த ஒம்போது நாளும் இவ புக்கெல்லாம் எங்க வைக்கிறதுன்னு இப்பவே யாராச்சும் சொல்லிருங்க.