மைனஸ் உலகம்: ஒளிச்சு வச்ச லெவலா, பிழையா?

டிஸ்க்பிரியன்: நிண்டெண்டோவோட சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ கேம்ல, திரையில -1ன்னு காட்டுற மைனஸ் உலகம் வெறும் நிரல் பிழைன்னு இன்னும் எத்தனை பேர் எழுதப் போறீங்க? 1985 கார்ட்ரிட்ஜை மட்டும் பார்த்தா அப்படித்தான் தோணும். 1986ல ஜப்பான்ல ஃபேமிகாமுக்கு (நிண்டெண்டோவோட கேம் கருவி) வந்த டிஸ்க் பதிப்புல -1, -2, -3ன்னு மூணு லெவல் இருக்கு. -3ஐ முடிச்சா ஆட்டமே ஜெயிச்சதா முடியுது. பிழைக்கு முடிவு இருக்குமா? செஞ்சு மறைச்சு வச்சதுதான்.

எட்டுபிட்: முதல்ல அது மைனஸே இல்ல, 36-1, அதாவது 36ஆம் உலகத்தோட முதல் லெவல். திரையில எழுத்து காட்டுற படக் கட்டங்கள்ல 0 முதல் 9, அப்புறம் 26 ஆங்கில எழுத்து. அதுக்கு எண் 0 முதல் 35. 36ஆம் கட்டம் வெற்றிடம். உலக எண் மறைஞ்சு, நடுக்கோடு மட்டும் தெரியுது. 4-2 முடிவுல 5க்குப் போற ஒரே குழாய்க்கு ரெண்டு பக்கமும் வெற்றிடம், அதாவது 36, 5, 36. 1-2ல, வேற உலகத்துக்குத் தாவுற குழாய்கள் இருக்கிற வார்ப் அறையோட எழுத்து வர்றதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள இறங்கினா அந்தப் பட்டியல்தான் கிடைக்கும், முதல் குழாய் 36க்குப் போகும்.

டிஸ்க்பிரியன்: -3 முடியுது. அதுக்குப் பதில் எங்கே?

குழாய்வழி: நான் செஞ்சா 4ஆம் உலகத்துக்குத்தான் போகுது.

எட்டுபிட்: திரையை நகர விட்டுட்டீங்க. வலது சுவரை ஒட்டின கூரைக் கல்லை உடைக்காம, அதுக்கு இடப்பக்கம் இருக்கிற ரெண்டை மட்டும் உடைங்க. குழாயோட இடது விளிம்புல இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பின்னோக்கிக் குதிச்சு வலப்பக்கம் அழுத்துங்க. கல்லுக்குள்ள சிக்கின மரியோவை ஆட்டமே சுவருக்குள்ள தள்ளிவிடும். உடனே முதல் குழாய்ல இறங்கணும். எழுத்து வந்துட்டா 4, 3, 2 ஏறிடும்.

ஐம்பதுஹெர்ட்ஸ்: ஐரோப்பியப் பதிப்பை யாருமே பேசறதில்ல. நொடிக்கு 50 பிரேம்ல ஓடுறதால மரியோவோட வேக எண்களையே மாத்தியிருக்காங்க. ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கப் போட்டி போடற வேக ஓட்டக்காரங்க அதைத் தனிப் பிரிவா வச்சிருக்கிறது அதனாலதான்.

எட்டுபிட்: பேச்சு அதைப் பத்தி இல்ல.

ஐம்பதுஹெர்ட்ஸ்: வட்டார வேறுபாடு உங்களுக்கு ஜப்பான் மட்டும்தானா? எப்பவும் இப்படித்தான்.

டிஸ்க்பிரியன்: மூணாவது தடவை கேட்கிறேன். -3 ஏன் முடியுது?

எட்டுபிட்: கேளுங்க தம்பி. உலகத்தோட கடைசி லெவலான கோட்டை முடிவுல ஆட்டம் பார்க்கிறது "உலகம் 8ஆ?"ன்னு இல்ல, "8 அல்லது அதுக்கு மேலா?"ன்னு. 36 எட்டை விடப் பெரிசு, அதனால முடியுது. லெவல் அட்டவணை 8 உலகத்துக்குத்தான். 36ஐக் கேட்டா அட்டவணையைத் தாண்டி அடுத்த தரவைப் படிக்கும். கார்ட்ரிட்ஜ்ல அங்கே 7-2 நீர் லெவல் கிடைக்குது. வெளிக்குழாய் எங்கே போகணும்னு 36க்கு எழுதாததால திரும்பத் திரும்ப அதே லெவல். டிஸ்க்ல தரவு வேற வரிசை, அதனால -1 தண்ணிக்குள்ள மூழ்கின 1-3, -2 அப்படியே 7-3, -3 சுரங்க நிறத்துல 4-4 கோட்டை. -1ல வில்லன் பவுசரும் அவன் கடத்தின இளவரசியும் மிதக்கிறாங்க. இதை யார் திட்டம் போட்டு வரைவாங்க?

டிஸ்க்பிரியன்: தம்பின்னு கூப்பிடற வேலை வேண்டாம். மூணு லெவலும் வரிசையா ஆடி முடிக்க முடியுது. தற்செயலா அப்படி அமையாது.

எட்டுபிட்: மூணுமே ஏற்கெனவே இருக்கிற வரைபடங்கள். புதுசா ஒரு கல்லாவது காட்டுங்க.

டிஸ்க்பிரியன்: -3 முடியுது.

குழாய்வழி: இப்பவும் 4தான். சுவரை ஒட்டின கல்லை உடைச்சுட்டேன் போல.

ஐம்பதுஹெர்ட்ஸ்: 50 பிரேம் பதிப்புல ஆடறீங்களா? அதைக் கேட்க இங்கே ஆளே இல்ல.