ஓடைக்கரை கிராமத்துக்கு வெள்ள முன்னேற்பாடு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஓடையை ஒட்டிய சின்னக் கிராமம் எங்களுடையது. போன முறை வெள்ளம் நடுராத்திரியில் வந்தது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு கட்டில் காலில் வந்து முட்டியபோதுதான் எனக்கு விழிப்பே வந்தது.

இந்த முறை நாங்களே கொஞ்சம் இறங்கி வேலை பார்க்கிறோம். பாலத்துத் தூணில் அரையடிக்கு ஒரு கோடு போட்டு, மழை நாட்களில் முறைவைத்துப் பார்க்கிறோம். நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்பதுவரை பேசியாயிற்று. மணல் மூட்டையை முழுக்க நிரப்பினால் மூட்டைகளுக்கு நடுவே இடுக்கு விழுகிறது. பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இதைப் பட்டுத்தான் கற்றோம்.

சிக்கல் கரையில்தான். வெட்டிவேர் நடலாம் என்கிறார்கள் சிலர். வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும், சரி. ஆனால் மழை வருவதற்குள் அது வேரூன்றுமா? கரையையே உயர்த்துவோம் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு அதில் மனமில்லை. இங்கே உயர்த்தினால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரைக்காரர் வீட்டுக்குத்தானே போகும்?

ஓடையின் மேல்பகுதியில் மரக்கட்டைத் தடுப்பு வைத்து ஓட்டத்தை மெதுவாக்கியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கட்டை பிய்த்துக்கொண்டு வந்து பாலத்தை அடைக்காமல் எப்படிக் கட்டினீர்கள்? எத்தனை தடுப்பு, எவ்வளவு இடைவெளி? சாதாரண நாளில் தண்ணீர் போக, தடுப்புக்கு அடியில் எவ்வளவு வழி விட்டீர்கள்?

அப்புறம், படம் இருந்தால் கட்டாயம் போடுங்கள். கையால் வரைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.