கொப்பரையில் விழுந்த சாமி தேங்காய்

சின்ன வயதுக் குறும்பு என்றாலே எல்லோரும் மாந்தோப்புக் கதைதான் சொல்வார்கள். எங்கள் ஊரில் தோப்பு கிடையாது, கரும்பு ஆலைதான். தர்மபுரி மாவட்டம் கடத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். மார்கழி, தை பிறந்தால் கரும்புக் காட்டிலேயே கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே பாகு வாசம் வழியில் வந்து நிற்கும்.

1993ல் நான் நான்காவது, பெரியப்பா மகன் ஆறாவது. ஒரு நாள் அண்ணன் ஒரு யோசனை சொன்னான். தேங்காயின் கண்ணைக் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டுக் கொதிக்கிற கரும்புப் பாலில் கட்டித் தொங்கவிட்டால், உள்ளே இருக்கும் பருப்பெல்லாம் இனிப்பு ஏறிவிடும். கேட்டால் ஆலையில் வெல்லம் காய்ச்சும் தாத்தாவே போட்டுக் கொடுப்பார். ஆனால் எங்கள் கையில் இருந்தது, சனிக்கிழமை பெருமாளுக்கு உடைக்க ஆயா எடுத்து வைத்திருந்த காய். அதைக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் எப்படிக் கேட்பது?

பொழுது சாயும் நேரம். தாத்தா அடுப்புக்குச் சக்கை தள்ளப் பின்பக்கம் இறங்கினார். அண்ணன் தேங்காயின் குடுமியில் சணல் கயிற்றைக் கட்டிக் கரும்புப் பால் கொதிக்கும் பெரிய கொப்பரையில் இறக்கினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. சூட்டில் குடுமி பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் கயிறும் குடுமியும், காய் கொப்பரைக்குள். ஓடிப்போய்ச் சக்கைப் போருக்குள் ஒளிந்துகொண்டோம்.

அங்கிருந்துதான் ஒரு கொப்பரை வெல்லம் ஆவதை முழுசாகப் பார்த்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றியதும் அழுக்கு திரண்டு மேலே வந்தது. அதை வாரி வாரிக் கொட்டினார். அப்புறம் நுரை பொங்கி விளிம்பைத் தொட்டது. இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டார், பொங்கியது அப்படியே அடங்கியது. நுரை அடங்கியதும் எங்கள் தேங்காய் நடுவில் மிதந்தது. தாத்தா அதைப் பார்த்தார், சக்கைப் போரைப் பார்த்தார், மறுபடியும் துடுப்பைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு டன் கரும்பை ஆட்டினால் சுமார் 100 கிலோ வெல்லம்தான் தேறும். எங்களால் அவ்வளவும் கெட்டுப்போயிருந்தால் என்ற பயம் அன்று எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

தாத்தா பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார். கையில் உருண்டை நின்றதும் மரத்தொட்டியில் ஊற்றினார். அதற்கு முன்பே காயை அள்ளி இலையில் வைத்திருந்தார்.

"உள்ள இருக்கற ரெண்டு பேரும் வெளிய வாங்க கண்ணு. சக்கைக்குள்ள பாம்பு கிடக்கும்."

வந்தோம். அண்ணன் கையில் இன்னும் அந்தக் குடுமி இருந்தது.

"குடுமி வெச்ச காயா? சாமிக்கு வெச்சது போலிருக்கே. யார் வீட்டுது?"

அண்ணன் அழுதுவிட்டான். தாத்தா திட்டவில்லை. கொடுவாளின் முதுகால் ஒரே தட்டு, காய் இரண்டாகப் பிளந்தது. பருப்பு காப்பி நிறத்தில் பளபளத்தது. ஒரு மூடியை எங்களுக்குக் கீறிக் கொடுத்தார். இன்னொரு மூடியை இலையில் சுற்றி, "இது உங்க ஆயாவுக்கு. நீங்களே கொண்டுபோய்க் குடுத்து, நடந்ததையும் சொல்லணும்" என்றார்.

கடைக்காரர்கள் மஞ்சளாய், வெளேரென்று இருக்கும் வெல்லத்தை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வெளுப்புக்காக மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று அந்தத் தொட்டியில் இருந்தது கருத்த வெல்லம். நான் இன்றும் அதைத்தான் தேடி வாங்குகிறேன்.

வீட்டில் ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். ஆயா இலையைப் பிரித்துப் பார்த்தது. எழுந்துபோய் விளக்கேற்றி, அந்த மூடியைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டது. பிறகு ஒரு கீற்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. ஆயாவுக்குப் பல் கிடையாது. ஈறாலேயே மெதுவாக மென்றுகொண்டு, "நல்லா வெந்திருக்குதுடா" என்றது.