பார்க்காத வீட்டுக்கு இரண்டு மாத டிப்பொசிட்டா?

பரந்தன் சந்தி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், ஒன்லைனில் உழைக்கிற பிள்ளைகள் மலேசியாவின் பினாங்குக்கோ தாய்லாந்தின் சியாங் மாய்க்கோ போவதென்றால் கிளிநொச்சியில் இருந்தபடியே வீட்டைப் பேசி டிப்பொசிட்டைக் கட்டிவிட்டுப் போங்கள், போய் அலையத் தேவையில்லை என்று. வாசித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. மலேசியாவில் வழக்கம் என்ன தெரியுமா? இரண்டு மாத வாடகை டிப்பொசிட், கரண்ட் தண்ணிக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. மூன்றரை மாதக் காசு! வட்ஸ்அப்பில் வந்த நாலு படத்தை நம்பி, முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பச் சொல்கிறீர்களா? முதலில் ஒரு கிழமை கெஸ்ட் ஹவுஸில் இருங்கள். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், பைப்பைத் திறந்து பாருங்கள், பிறகு கட்டுங்கள்.

குளக்கட்டு:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். நான் கோலாலம்பூரில் இருந்துவிட்டு வந்தவன். இங்கிருந்தே கட்டினேன், இறங்கிய அன்றே சாவி கைக்கு வந்தது. கெஸ்ட் ஹவுஸ் வைஃபையை நம்பி வெள்ளைக்காரனோடு மீட்டிங் வைக்க ஏலுமா? செய்து பார்த்தவன் சொல்கிறேன், செய்யாதவர் சத்தம் போடுகிறார்.

பரந்தன் சந்தி:
உங்களுக்குச் சரிவந்தது உங்கள் அதிர்ஷ்டம். அதை ஊருக்கெல்லாம் சட்டமாக்க வேண்டாம். என் மச்சானுக்கு வந்த படத்தைச் சொல்கிறேன். கோலாலம்பூர் கொண்டோ என்றுதான் அனுப்பியிருந்தார்கள். நல்ல சோபா, பெரிய ஜன்னல். சோபாவுக்குப் பின்னால் சுவரில் இருந்த பிளக்கைப் பெருப்பித்துப் பார்த்தேன். இரண்டு வட்டத் துளை. மலேசியாவில் சதுரக் கால் வைத்த மூன்று பின் பிளக் அல்லவா? அது எந்த நாட்டு வீடோ யாருக்குத் தெரியும். அந்த ஆள் இரவைக்குள்ளேயே இரண்டு மாத டிப்பொசிட்டைப் போடு, இல்லாவிட்டால் வேறு ஆள் நிற்கிறது என்று நெருக்கினார். இரண்டு மாதம்! பார்க்காத வீட்டுக்கு!

மல்லாவிப் பிள்ளை:
நான் சியாங் மாயில் இருந்தேன். அங்கும் அனேகமாக இரண்டு மாதம்தான் கேட்பார்கள். ஆனால் காசை விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு ஆள் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவுக்கு அறிவிக்க வேண்டும், டிஎம் 30 என்பார்கள். அந்தத் துண்டு இல்லாமல் விசா நீட்டிக்கப் போனால் கரைச்சல். சில வீட்டுக்காரர் அதைச் செய்யமாட்டார்கள். கட்டமுதல் கேட்டுக்கொள்ளுங்கள். மாசி முதல் சித்திரை வரை அங்கே ஒரே புகை, அதையும் யோசியுங்கள்.

பரந்தன் சந்தி:
நன்றி தங்கச்சி. இதைத்தான் நானும் சொல்கிறேன். டிப்பொசிட்டை அனுப்பிவிட்டு டிஎம் 30 கேட்டால் எவன் பதில் சொல்லுவான்?

குளக்கட்டு:
அவ சொன்னது வேறு, நீங்கள் திரிக்கிறது வேறு. சரி, ஒன்லைனில் உழைக்கிறவர்களுக்குப் போர்த்துக்கல் கொடுக்கிற டி8 விசாவுக்கு என்ன செய்வீர்கள்? விண்ணப்பிக்கும்போதே தங்குமிட ஆதாரம் கேட்கிறார்கள். கெஸ்ட் ஹவுஸ் கதை அங்கே எடுபடாது.

பரந்தன் சந்தி:
பினாங்கைப் பற்றிக் கேட்டால் போர்த்துக்கலுக்கு ஓடுகிறீர்கள். இரண்டு மாத டிப்பொசிட்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அண்ணை:
தம்பிமாரே, இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையைத்தான் முற்பணமாக வாங்கலாம், உடைவுக்கென்று தனி டிப்பொசிட் வாங்கவே ஏலாது. சட்டம் இருக்கிற நாட்டுக்குப் போங்கோ.

குளக்கட்டு:
விசா எடுத்துத் தாங்கோ, நாளைக்கே வருகிறோம். ஊரை விட்டுப்போய் முப்பது வருசம், இன்னும் எங்களுக்கு வகுப்பெடுக்கிறீர்கள்.

வவுனியா நகர்:
எல்லோரும் வீட்டுக் கதையிலேயே நிற்கிறீர்கள். ஒன்லைனில் உழைக்கிறவர்கள் தங்குவதற்கு மலேசியா கொடுக்கிற டிஈ ரந்தாவ் பாஸுக்குத் தொழில்நுட்ப வேலைக்காரர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டொலர் வருமானம் காட்டவேண்டும். இங்கே எத்தனை பேருக்கு அது இருக்கிறது? வன்னிப் பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி:
வவுனியா ரவுணில் இருந்துகொண்டு வன்னிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் பேசவேண்டாம்.

வவுனியா நகர்:
வவுனியா வன்னி இல்லையா? தேர்தல் மாவட்டத்தின் பெயரே வன்னி, அதில் மன்னாரும் முல்லைத்தீவும் வவுனியாவும்தான் இருக்கின்றன. உங்கள் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. போய்ப் பாருங்கள்.

பரந்தன் சந்தி:
வாக்குப்பெட்டி எங்கே போகிறது என்பதை வைத்தா வன்னியை அளக்கிறீர்கள்? இரணைமடுத் தண்ணியில் வயல் செய்தவனிடம் வந்து கேளுங்கள்.

குளக்கட்டு:
தலைப்புக்கு வருவோம். நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. ஏஜென்டின் ஆர்இஎன் எண்ணை, அதாவது அங்கே வீட்டு ஏஜென்டுகளுக்குக் கொடுக்கிற பதிவு எண்ணைச் சரிபார்த்தேன், ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுவித்தேன். முத்திரை இல்லாத ஒப்பந்தம் அங்கே கோர்ட்டில் எடுபடாது. இதெல்லாம் தெரியாமல் என்னை ஏமாளி மாதிரி எழுதுகிறீர்கள்.

பரந்தன் சந்தி:
அப்படியென்றால் நேற்று எழுதியதில் இதில் ஒரு சொல்லாவது இருந்ததா? "கட்டிவிட்டுப் போங்கள்" என்று மட்டும்தானே இருந்தது. அதை வாசித்த பொடியன் ஒருவன் தகப்பன் நெல் விற்ற காசை அனுப்பினால் யார் பொறுப்பு? எண் உண்மையாக இருக்கலாம், அந்த எண்ணைச் சொல்லிக் கதைக்கிறவன் அதே ஆள்தானா? ஏஜென்சி ஒபிசுக்குப் போனடித்துக் கேட்டீர்களா?

குளக்கட்டு:
கேட்டேன். உங்களுக்கு இனி எதைச் சொன்னாலும் ஏறாது.

பரந்தன் சந்தி:
இரண்டு மாத டிப்பொசிட், பார்க்காத வீடு. இதுக்கு இன்னும் பதில் வரவில்லை. நாளைக்கும் கேட்பேன்.