சப்ஸ்ட்ரேட்டுக்குத் தமிழ் என்ன: இரண்டாம் வேற்றுமையா, ஏழாம் வேற்றுமையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கிராபீன் (ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் தாள்) பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சப்ஸ்ட்ரேட் (substrate), அதாவது ஒரு படலம் படிய அடியில் இருக்கும் பொருள், என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. இணையத்தில் எங்கு பார்த்தாலும் ‘அடி மூலக்கூறு’. எல்இடி விளக்கு விற்கும் கடைக்காரர்கூட ‘அலுமினிய அடி மூலக்கூறு’ என்றுதான் போடுகிறார். நம் பள்ளிப் பாடநூலில் ‘தளப்பொருள்’. யாழ்ப்பாணத்து நண்பர் ‘கீழ்ப்படை’ என்றார். எதைப் போடுவது? நாளை மறுநாள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.

* * *

தம்பிக்கு,

அடி மூலக்கூறை முதலில் தூக்கிப் போடுங்கள். அணுக்கள் சேர்ந்து அமைவது மூலக்கூறு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளையிடம் ஒரு அலுமினியத் தகட்டை நீட்டி ‘இதுதான் அடி மூலக்கூறு’ என்றால் என்ன நினைக்கும்? கணினி மொழிபெயர்ப்பு எங்கிருந்தோ பிடித்துக்கொண்ட சொல் இது. இப்போது பெயின்ட், தரை ஓடு, சூரியத் தகடு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. காளான் வளர்க்கும் வைக்கோலையும் அடி மூலக்கூறு ஆக்கியிருந்ததை ஒரு பக்கத்தில் பார்த்தேன். காளான் போடுகிறவர்கள் அதைப் படுக்கை என்பார்கள், பெட் என்பார்கள். அவர்களிடம் கேட்டிருந்தாலே வேலை முடிந்திருக்கும்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் சொல் ஒன்று, பொருள் இரண்டு. ‘கீழே விரித்தது’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. பொருளறிவியல்காரர்கள் அந்தப் பொருளிலேயே நின்றுவிட்டார்கள்: படலம் எதன்மேல் படிகிறதோ அது சப்ஸ்ட்ரேட். உயிர்வேதியியல்காரர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். நொதி எதைப் பிடித்து மாற்றுகிறதோ அது அவர்களுக்குச் சப்ஸ்ட்ரேட். 1894இல் எமில் ஃபிஷர் பூட்டு-சாவி உவமை சொன்னாரே, அதில் பூட்டு நொதி, உள்ளே போகும் சாவிதான் சப்ஸ்ட்ரேட். 1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரைக்குச் சொந்தக்காரப் பயறு ஒன்றிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக எடுத்தார். அந்த நொதிக்குச் சப்ஸ்ட்ரேட் யூரியா. நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைத்துவிட்டு அடுத்த யூரியாவுக்குக் காத்திருக்கும். யூரியா போனது போனதுதான்.

ஆக, ஓரிடத்தில் சப்ஸ்ட்ரேட் தீர்ந்துபோகிறது, இன்னோரிடத்தில் கடைசிவரை நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் தேடுவது ஆங்கிலத்தின் குழப்பத்தைக் காசு கொடுத்து வாங்குவது மாதிரி.

எப்படிப் பிரிப்பது? நம் இலக்கணத்திலேயே அளவுகோல் இருக்கிறது. வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.

நொதி யூரியா*வை* உடைக்கிறது.
சிலிக்கன்*மேல்* படலம் வளர்கிறது.

முதலாவது இரண்டாம் வேற்றுமை, யூரியா செயப்படுபொருள். நொதி எழுவாய். இரண்டாவது ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குத் தரும் உருபுப் பட்டியலில் ‘மேல்’ இருக்கிறது. ‘ஐ’ வந்தால் ஒரு சொல், ‘மேல்’ வந்தால் இன்னொரு சொல். இவ்வளவுதான் என் வாதம். மற்றதெல்லாம் எந்தச் சொல் என்ற பேரம்.

‘ஐ’ வரும் இடத்துக்குத் தளப்பொருளையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சொல்மேல் மனத்தாங்கல் உண்டு. பிடித்து உட்கார வைக்கும் இடம் இருப்பது நொதியிடம். வந்து உட்காருவது யூரியா. தளம் என்ற பெயர் வந்து உட்காருகிறவனுக்குப் போய்விட்டது, வாடகைக்கு வந்தவர் பெயரில் பட்டா எழுதினாற்போல. வினைபடுபொருள் என்பதை ஒட்டி ‘நொதிபடுபொருள்’ என்று வைத்திருக்கலாம். ஆனால் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் தளப்பொருள் என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இனிக் கை வைக்க வேண்டாம்.

‘மேல்’ வரும் இடத்துக்குத்தான் புதுச் சொல் வேண்டும். நான் முன்வைப்பது மணை. மணையில் உட்கார வைத்துத்தான் தாலி கட்டுகிறோம். அரிவாள்மணை எல்லா வீட்டிலும் இருந்தது. தட்டையான, அசையாத, ஒன்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் பலகை. கண்ணாடி மணை, சிலிக்கன் மணை, நீலக்கல் மணை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்காது. நான்கெழுத்துச் சொல்லைவிட இரண்டெழுத்துச் சொல்தான் ஆய்வுக்கூடத்தில் பிழைக்கும்.

ஏன் ஆய்வுக்கூடத்தைச் சொல்கிறேன் என்றால், அங்கே ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தச் சொல் புழங்கும். ‘சப்ஸ்ட்ரேட் கழுவியாச்சா?’ என்பதுதான் காலை வணக்கம். மெல்லிய படலங்களோடு நான் மாரடித்த காலத்தில் கண்ணாடித் துண்டுகளைச் சோப்புத் தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று வரிசையாக அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுப்போம். நைட்ரஜனை ஊதிக் காயவைப்போம். அப்புறம் வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஒரு மூச்சு. ஆவி சீராகப் படிந்து சீராக மறைந்தால் சுத்தம். நடுவில் விரல் ரேகை எழுந்து நின்றால் மறுபடி சோப்புத் தண்ணீர். ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி புகும் ஆக்சைடு) பூசிய கண்ணாடி இன்னும் மோசம். ஒரு பக்கம்தான் மின்சாரம் கடத்தும், பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்று. மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பார்த்துத்தான் மேல்பக்கம் எது என்று தெரிந்துகொள்ள முடியும். ஒருமுறை பத்துத் துண்டுகளைத் தலைகீழாக வைத்துப் பூசிவிட்டு, ‘ஏன் எதுவும் வேலை செய்யவில்லை’ என்று இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன். படலத்தில் ஒரு குறையும் இல்லை. மணை கவிழ்ந்திருந்தது.

உங்கள் கிராபீன் கதையிலேயே மணைக்குப் பாதிப் பங்கு உண்டு. 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஓரணுத் தடிமனுக்குக் கொண்டுவந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். ஓரணுத் தடிமனை எப்படிக் கண்ணால் கண்டுபிடித்தார்கள் என்பதை எழுதுவதில்லை. உரித்ததை 300 நானோமீட்டர் ஆக்சைடு போர்த்திய சிலிக்கன்மேல் வைத்தார்கள். அந்த ஆக்சைடின் மேலும் கீழும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடும்போது, மேலே கிராபீன் இருக்கும் இடம் மட்டும் நுண்ணோக்கியில் நிறம் மங்கித் தெரிந்தது. ஆக்சைடு 315 நானோமீட்டராக இருந்திருந்தால் ஓரடுக்குக் கிராபீன் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும் என்று அவர்களே 2007இல் எழுதியிருக்கிறார்கள். மணையின் தடிமன் நூற்றுக்கு ஐந்து தவறினால் 2010இன் நோபல் எங்கே?

இதை உங்கள் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள்.

* * *

ஐயாவுக்கு வணக்கம்.

நான்தான் அந்தக் கீழ்ப்படைக் கட்சி. இலங்கையில் நொதியமும் கீழ்ப்படையும் என்றுதான் படிப்பிக்கிறோம். ஓசோன் படை என்பது போல, படை என்றால் எங்களுக்கு அடுக்கு. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ‘தளபதிக்குக் கீழே உள்ள படையா?’ என்று சிரித்தார். சிரிக்கட்டும். பொருளறிவியலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை, ஆனால் நாங்கள் அதை நொதியத்துக்குச் செலவழித்துவிட்டோம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் வேற்றுமைச் சோதனை எனக்குப் பிடித்தது. ஆனாலும் மூன்று கேள்வி.

ஒன்று, ‘மணையைக் கழுவினேன்’ என்றால் ‘ஐ’ வந்துவிட்டதே?

அடுத்தது, கிராபீனைப் பெரிய அளவில் செய்யும்போது செம்புத் தகட்டைச் சுமார் 1000 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி மீதேன் விடுகிறார்கள். செம்பு மீதேனை உடைக்கவும் உதவுகிறது, கிராபீன் படிய இடமும் கொடுக்கிறது. அது ஊக்கியா, மணையா?

கடைசியாக, மணை என்று சொன்னால் காதில் மனை என்றுதான் விழும். ‘சிலிக்கன் மனை விற்பனைக்கு’ என்று விளம்பரம் வந்தால் என்ன செய்வது?

* * *

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ணகர னகர வேறுபாட்டை நாக்கிலிருந்து தொலைத்தவர்கள் நாங்கள்தான், அதனால் தண்டனையும் எங்களுக்கே. ‘மணைத்தகடு’ என்று ஒரு ஒட்டுப் போட்டால் குழப்பம் தீரும், சொல் நீளும். பேச்சில் மணை, எழுத்தில் முதல் தடவை மட்டும் மணைத்தகடு என்று வைத்துக்கொள்ளலாமா?

கழுவுவது நம் வினை. நான் சொன்னது ஆய்வில் நடக்கும் வினையை. படலம் எங்கே வளர்கிறது என்று கேட்டால் பதில் ‘மேல்’ என்றுதான் வரும். சோதனை அந்த வாக்கியத்துக்கு மட்டும்.

செம்புத் தகடு நல்ல கேள்வி. வளரும் வரை ஊக்கியும் அதுதான், மணையும் அதுதான். ஒரே ஆள் இரண்டு உத்தியோகம் பார்ப்பது நம் ஊரில் புதிதா? வளர்ந்து முடிந்ததும் கிராபீன்மேல் ஒரு பிளாஸ்டிக் படலத்தைப் பூசி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் மிதக்கவிட்டு, செம்*பை* அரித்து எடுத்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்தில் அது ஏழாம் வேற்றுமையிலிருந்து இரண்டாம் வேற்றுமைக்கு வந்துவிடுகிறது. பிறகு கிராபீன் வேறொரு மணைக்குக் குடிபோகிறது.

என் சோதனை உண்மையில் திணறும் இடம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்ப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி கார்டியரைட் பீங்கான். அதன்மேல் அலுமினாப் பூச்சு, அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். வண்டித் தொழிலில் அந்தத் தேன்கூட்டைச் சப்ஸ்ட்ரேட் என்கிறார்கள். ஊக்கி படிக்கும் வேதியியல்காரரோ உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடைச் சப்ஸ்ட்ரேட் என்பார். உலோகத்தைத் தாங்கும் அலுமினாவுக்கு அவர் சொல்வது தாங்கி. ஒரே டப்பாவுக்குள் இரண்டு சப்ஸ்ட்ரேட், ஒரு தாங்கி! தமிழில் தேன்கூடு மணை, அலுமினா தாங்கி, மோனாக்சைடு தளப்பொருள் என்று எழுதலாம், யாரும் யாரையும் மிதிக்க மாட்டார்கள். ஆனால் பூச்சு தடித்துக்கொண்டே போனால் மணை எங்கே முடிகிறது, தாங்கி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்கும் கோடு போடத் தெரியவில்லை.

மணை என்றால் சும்மா கிடக்கும் பலகை என்ற எண்ணம் வந்துவிடுமோ என்ற கவலையும் எனக்கு உண்டு. வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீல எல்இடிக்குத் தேவையான காலியம் நைட்ரைடை நீலக்கல்மேல் வளர்க்கிறார்கள். பெயர்தான் நீலக்கல், தட்டு நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டின் அணு இடைவெளியும் சுமார் 16 விழுக்காடு பொருந்தாது. வேறு அளவுக்கு அடித்த நாற்காலியில் உட்காருவது மாதிரி, மேலே வளரும் படிகம் விரிசலும் பிசகுமாக வரும். 1986இல் நகோயாவில் அகசாகியும் அமனோவும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை விரித்த பிறகுதான் நல்ல படிகம் கிடைத்தது. 2014 நோபலுக்கு அடிப்படையான வேலைகளில் அது ஒன்று. தஞ்சாவூர் ஓவியர்களுக்கு இது புரியும். பலகைமேல் நேராக வண்ணம் தீட்ட மாட்டார்கள். துணி ஒட்டி, சுண்ணத்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் கோடு போடுவார்கள். அந்த ஓவியத்துக்கே பழைய பெயர் பலகைப் படம். மேலே இருப்பதன் பெயரில் கீழே இருப்பது குந்தியிருக்கிறது பாருங்கள்.

* * *

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

முதல் பத்தியை இப்படி மாற்றிவிட்டேன்:

“உரித்த துண்டுகளை 300 நானோமீட்டர் ஆக்சைடு போர்த்திய சிலிக்கன் மணைத்தகட்டில் ஒற்றி, நுண்ணோக்கியில் தேடினார்கள். ஆக்சைடு 15 நானோமீட்டர் தடித்த மணைமேல் வைத்திருந்தால் கிராபீன் கண்ணில் பட்டிருக்காது.”

நொதி வரும் ஒரு பெட்டிச் செய்தியில் தளப்பொருள் என்றே விட்டிருக்கிறேன், பக்கத்தில் ‘இலங்கையில் கீழ்ப்படை’ என்று ஒரு வரி. அக்கா, ‘மணைமேல்’ சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? அச்சுக்குப் போகும் முன் அது ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.